பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? கண்டியின் இரண்டு ஆண்டுகளோடு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு இலக்க எண்ணைக் கண்டதும் பல பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எண்ணின் பருமன் அதன் குணத்தைச் சொல்லாது; பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும்.

படி 1: எண்ணைத் தெரிவு செய்யுங்கள்

தலதா மாளிகைக்கு அருகிலுள்ள மகுல் மடுவவில் 1815 மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த ஆண்டை இரண்டு முறை சேர்த்து எழுதுங்கள்: 18151815. ஒரு கோடியே எண்பத்தொரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து எண்ணூற்றுப் பதினைந்து. கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதினால் அடுத்த படி சுலபம்.

படி 2: வகுக்காமலே சோதியுங்கள்

• கடைசி இலக்கம் 5. ஆகவே 5 ஆல் மீதியின்றி வகுபடும். 2 ஆல் வகுபடாது.
• இலக்கங்களின் கூட்டுத்தொகை 30. அது 3 ஆல் வகுபடுவதால் எண்ணும் வகுபடும். 30 ஐ 9 வகுக்காது, எண்ணையும் வகுக்காது.
• ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 1+1+1+1=4; 8+5+8+5=26. வித்தியாசம் 22. அது 11 இன் மடங்கு என்பதால் எண்ணும் 11 ஆல் வகுபடும்.

படி 3: முதன்மைக் காரணிகளாக உடையுங்கள்

18150000 உடன் 1815 ஐக் கூட்டினால் நம் எண் வரும். அதாவது 18151815 = 1815 × 10001.

1815 ஐ 5 ஆல் வகுத்தால் 363. அதை 3 ஆல் வகுத்தால் 121. அது 11 × 11. இனி 10001. பார்வைக்கு அசையாத எண் போலத் தெரியும். ஆனால் 137 × 70 = 9590, 137 × 3 = 411; இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 10001!

விடை: 3 × 5 × 11 × 11 × 73 × 137.

படி 4: காரணிகளை எண்ணுங்கள்

ஒரு காரணியை அமைக்கும்போது 3 ஐச் சேர்க்கலாம், விடலாம்: இரண்டு வழி. 5, 73, 137 ஆகியவற்றுக்கும் அப்படியே. 11 ஐ மட்டும் விடலாம், ஒரு முறை சேர்க்கலாம், இரு முறை சேர்க்கலாம்: மூன்று வழி. எனவே 2 × 2 × 3 × 2 × 2 = 48 காரணிகள்.

படி 5: நீங்களே செய்து பாருங்கள்

கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்த ஆண்டு 1867. அதையும் இரண்டு முறை எழுதுங்கள்: 18671867. இதுவும் 1867 × 10001 தான். ஆனால் 1867 ஐ 2, 3, 5, 7 என்று 43 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மீதி வரும். அடுத்த முதன்மை எண்ணான 47 இன் வர்க்கம் 2209, அது 1867 ஐத் தாண்டிவிடுகிறது, அத்தோடு நிறுத்தலாம். 1867 ஒரு முதன்மை எண்.

ஆகவே 18671867 க்குக் காரணிகள் 2 × 2 × 2 = 8 மட்டுமே. இரண்டும் எட்டு இலக்க எண்கள். ஒன்றுக்கு 48 காரணிகள், மற்றதற்கு 8. உங்கள் பிறந்த ஆண்டை இரண்டு முறை எழுதுங்கள். அதற்குள் எத்தனை இருக்கின்றன?