பெர்சிமன் மரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நவம்பர் மாதத்தில் ஜப்பானியக் கிராமங்களின் வழியே போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறவிட முடியாது. இலையெல்லாம் உதிர்ந்த கிளைகளில் செம்மஞ்சள் பழங்கள் மட்டும் தொங்கும் மரம் அது. ஜப்பானியர் அதைக் காக்கி என்பார்கள். கொரியர்கள் காம் என்பார்கள். நம் பழக்கடைகளுக்குப் பெர்சிமன் என்ற பெயரில் வருகிறது. சீனாவில் தோன்றி, கிழக்காசியா முழுவதும் வீட்டு மரமாகிவிட்ட இதைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் பல உண்டு. பெரும்பாலானவை மரத்தை ஏதோ ஒரு பருவத்தில் மட்டும் பார்த்ததால் வந்தவை. ஆண்டு முழுவதும் கூடவே இருந்து பார்த்தால் தெளிவு பிறக்கும்.

நம்பிக்கை: பெர்சிமன் ஒரு வகைத் தக்காளி.

உண்மை: நிறமும் வடிவமும் அப்படி நினைக்க வைக்கின்றன. ஆனால் இது கருங்காலியின் உறவு. கருங்காலி, பீடி சுற்ற இலை தரும் மரம், நம் பனிச்சை எல்லாம் பெர்சிமனோடு டயோஸ்பைரோஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பழத்தின் தலையில் நான்கு மடலாக ஒட்டியிருக்கும் கெட்டியான புல்லிவட்டத்தைப் பார்த்தாலே குடும்ப அடையாளம் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: குளிர்காலத்தில் கிளை நுனிகளையெல்லாம் வெட்டிவிட்டால் நன்றாகக் காய்க்கும்.

உண்மை: அந்த ஆண்டு மகசூல் போய்விடும். முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையின் நுனியிலும் அதை ஒட்டியும் உள்ள மொட்டுகளிலிருந்துதான் வசந்தத்தில் புதுத் துளிர் வரும். அந்தத் துளிரில்தான் பூ வரும். கவாத்து தேவைதான், நெருக்கமான கிளைகளை அடியோடு எடுத்து வெளிச்சம் விடுவதே சரியான முறை. மிச்சம் வைக்கும் கிளைகளின் நுனியைத் தொடக்கூடாது.

நம்பிக்கை: துணை மரம் இல்லாவிட்டால் காய்க்காது, பிஞ்சு உதிர்ந்தால் நோய்.

உண்மை: மே இறுதியில் இலைகளுக்கு நடுவே வெளிர்மஞ்சள் பூக்கள் மலரும். பல வகைகளில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய் பிடிக்கும்; அந்தப் பழங்களில் விதை இருக்காது. அடுத்த வாரங்களில் பிஞ்சுகள் கொட்டுவதும் பெரும்பாலும் இயல்பே. தாங்க முடிந்த அளவை வைத்துக்கொண்டு மற்றதை மரமே கழித்துவிடுகிறது.

நம்பிக்கை: பச்சைக் காய் எதற்கும் உதவாது.

உண்மை: ஜப்பானில் கோடையின் இறுதியில் பச்சைக் காய்களைப் பறித்து இடித்து, சாற்றைப் புளிக்க வைப்பார்கள். காக்கிஷிபு எனப்படும் அந்தப் பழுப்புச் சாறு காகிதத்தில் தண்ணீர் இறங்காமல் காத்தது, துணிக்குச் சாயமானது, மீன்வலைக்கு உரமேற்றியது. நம் பனிச்சங்காயின் சாறும் கேரளத்திலும் வங்கத்திலும் வலைக்கும் படகுக்கும் பூசப்பட்டு வந்தது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே பொருள்: துவர்ப்பைத் தரும் டானின்.

நம்பிக்கை: உறைபனி விழுந்தால்தான் பழம் இனிக்கும்.

உண்மை: அமெரிக்கக் காட்டுப் பெர்சிமனை ஒட்டி வளர்ந்த நம்பிக்கை இது. பெர்சிமன் என்ற பெயரும் அங்குள்ள பூர்வகுடிகளின் அல்கோன்கியன் குடும்ப மொழியிலிருந்து வந்ததே. பழம் கனியும் காலமும் பனி விழும் காலமும் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகத் தோன்றுகிறது. பனிக்கு முன்பே கனிந்து விழும் பழங்கள் ஏராளம்.

துவர்க்கும் பழத்திலும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. எச்சிலில் கரையும் டானின் வாயைக் கட்டிவிடுவதால் இனிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. டானின் கரையாத நிலைக்கு மாறியதும், மறைந்திருந்த இனிப்பு வெளிப்படுகிறது. ஹச்சியா போன்ற வகைகள் கூழாகக் குழையும்வரை துவர்க்கும். கிஃபு மாநிலத்தில் தோன்றிய ஃபுயு, கெட்டியாக இருக்கும்போதே இனிக்கும். கவாசாக்கியில் 1214-இல் கண்டெடுக்கப்பட்டதாக மரபு சொல்லும் செஞ்சிமாரு வகையில், விதை உண்டானால்தான் துவர்ப்பு நீங்கும். அந்தச் சதையில் பழுப்புப் புள்ளிகளைக் காணலாம்.

பனிக்காகக் காத்திராமல் மனிதர்களும் வழி கண்டார்கள். நாம் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதுபோல, கிழக்காசியர்கள் பழத்தின் காம்புப் பக்கத்தைச் சாராயத்தில் நனைத்து மூடி வைக்கிறார்கள். கரியமிலவாயு நிறைந்த அறையில் அடைக்கிறார்கள். தோலைச் சீவிக் கயிற்றில் கட்டி வாரக்கணக்கில் காயவிடுகிறார்கள்.

நம்பிக்கை: உலர்ந்த பழத்தின் மேலுள்ள வெண்பொடி பூஞ்சை.

உண்மை: சீராகப் படிந்த வெண்பொடி, உள்ளிருந்து கசிந்து படிகமான சர்க்கரை. கொரியாவின் சாங்ஜு நகரம் இத்தகைய உலர்பழத்துக்குப் பெயர்பெற்றது. பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சுபோலப் படர்ந்திருந்தால் மட்டும் தூக்கிப் போட வேண்டும்.

நம்பிக்கை: பெர்சிமன் தின்றால் வயிற்றில் கல் உண்டாகும்.

உண்மை: இதில் பாதி உண்மை உண்டு. துவர்க்கும் பழத்தை நிறையத் தின்றால் டானின் இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து கட்டியாகலாம். மருத்துவத்தில் பதிவான நிலைதான் இது. இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், நீரிழிவால் செரிமானம் மந்தமானவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் நன்கு கனிந்த பழத்தை அளவாகத் தின்ன அஞ்ச வேண்டியதில்லை.

நம்பிக்கை: உச்சிக்கிளையில் எஞ்சும் பழம் பறிக்க மறந்தது.

உண்மை: மறதி என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே விட்டது. ஜப்பானில் அதற்குக் கிமமோரி, அதாவது மரத்தின் காவல் என்று பெயர். அடுத்த ஆண்டும் நன்றாகக் காய்க்க வேண்டும் என்ற வேண்டுதல் அது. கொரியாவில் அதைக் காச்சிபாப், மேக்பை பறவைக்கான சோறு என்பார்கள். மொட்டைக் குளிர்காலத்தில் பறவைகளுக்கு அதுவே உணவு.

நீலகிரியில் குன்னூர் அரசுப் பழப்பண்ணையிலும் பெர்சிமன் மரங்கள் உண்டு. அந்தப் பக்கம் போனால் பழக்காலத்தில் மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். துளிர்க்கும்போது ஒருமுறை, பிஞ்சு உதிர்க்கும்போது ஒருமுறை, இலையுதிர்த்து நிற்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு மரத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல, ஓராண்டாவது அதனோடு பழகியிருக்க வேண்டும்.