டில்லிக் காமாலை கற்பிக்கும் பாடம்

நகரில் குழாய் நீர் வந்துவிட்டால், நீரினால் பரவும் நோய்களைப் பற்றிய கவலை தீர்ந்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். 1955-56ஆம் ஆண்டில் டில்லியில் பரவிய மஞ்சட் காமாலை இக்கருத்தைப் பொய்ப்பித்தது.

டில்லியின் குடிநீர் யமுனை ஆற்றிலிருந்து வஜீராபாத் நிலையத்தில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு வந்தது. 1955 நவம்பரில், நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் அந்நிலையம் நீர் எடுக்குமிடம் வரை எதிர்த்து ஏறிற்று. நிலையத்தார் படிகாரத்தையும் குளோரினையும் கூடுதலாகச் சேர்த்தனர். அதனால் டைபாயிடு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆயினும், டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகளிடையே மரணம் மிகுதியாக இருந்தது. அந்நோய் இன்று ஹெபடைடிஸ் இ எனப்படும் வைரஸ் நோயே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து அறியத்தக்கவை மூன்று. முதலாவது, பாக்டீரியாவை ஒழிக்கும் அளவு குளோரின் வைரஸையும் ஒழித்துவிடும் என்று நம்புதல் கூடாது. நீர் கலங்கியிருப்பின் குளோரினின் ஆற்றல் குன்றும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வைரஸிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும்போது அது 0.5 மில்லிகிராமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, நோய்க் கிருமி உடலிற் புகுந்து இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழிந்த பின்னரே காமாலை தோன்றும். ஆகவே, நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திருப்பது காலங்கடந்த செயலாகும்.

மூன்றாவது, பல நகரங்களில் குடிநீர், சாக்கடை, சுகாதாரம் ஆகியவை வெவ்வேறு பிரிவுகளின் பொறுப்பில் உள்ளன. சாக்கடை உடைந்ததைப் பொறியாளர் அறிவார். காமாலை பரவுவதை மருத்துவர் அறிவார். இவ்விரு செய்திகளும் ஒரே மேசைக்கு வந்து சேராவிடில் காரணம் புலப்படாது. நீரை விட்டு விட்டு வழங்கும் நகரங்களில் இவ்வபாயம் இன்னும் அதிகம். குழாயில் அழுத்தம் குறையும்போது, வெடிப்புகளின் வழியே சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது.

ஆதலின், களப்பணியாளர் நிலையத்தில் மட்டுமன்றி, தெருக்கோடிக் குழாயிலும் குளோரினைச் சோதித்தல் வேண்டும். சாக்கடைக்குள் செல்லும் குழாய்களையும், காமாலை கண்ட வீடுகளையும் ஒரே படத்தில் குறித்தல் வேண்டும். ஆசிரியரின் உதவியும் இதில் சிறியதன்று. ஒரே தெருவைச் சேர்ந்த இரு மாணவர் காமாலையினால் பள்ளிக்கு வராவிடில், அச்செய்தியை அன்றே சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவித்தல் நலம். நீரைக் கொதிக்க வைத்துப் பருகுமாறு அத்தெருவாருக்கு உடனே சொல்லலாம். கர்ப்பிணிகள் உள்ள வீடுகளுக்கு முதலிற் சொல்லல் வேண்டும்.