ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள்

தில்லியில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான குரல்களைக் கேட்கலாம். "எங்க பையனுக்கு வெளியே சுத்தற வழக்கமே இல்லை சார், கம்ப்யூட்டரும் செஸ் போர்டும் இருந்தா போதும்" என்று பெருமைப்படுவோர் ஒரு சாரார். "எப்பப் பார்த்தாலும் ரூமுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கான், நாலு பேரோட பழகத் தெரியலை" என்று கவலைப்படுவோர் மறு சாரார். வேடிக்கை என்னவென்றால், பல வீடுகளில் இந்த இரண்டையும் சொல்பவர் ஒருவரே! பரீட்சை முடிவு வந்த வாரம் பெருமை. உறவினர் கல்யாணத்துக்குப் போய் வந்த வாரம் கவலை.

அறைக்குள் செய்யும் பொழுதுபோக்கா, வெளியே நாலு பேரோடு பழகும் வாழ்க்கையா, எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. இரண்டையும் எப்படி ஓட்டுவது என்பதே கேள்வி. இதற்கு ரயில்வேக்காரனான எனக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு.

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வரவேண்டியிருந்தால், அதற்காக ஒன்றை ரத்து செய்வதில்லை. எந்த ஸ்டேஷனில் இரண்டுக்கும் கிராஸிங் என்று கால அட்டவணையிலேயே குறித்துவிடுவார்கள். அங்கே ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்கும், மற்றது போகும், பிறகு நின்றது கிளம்பும். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பகுதியில் ஒரு சமயத்தில் ஒரே வண்டிதான். அந்தக் காலத்தில் அதற்கு அத்தாட்சியாக ஓர் உருண்டை டோக்கனைத் தோல்பையில் போட்டு டிரைவர் கையில் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம் போக நம் பிள்ளைகளுக்கு மிஞ்சும் சில மணி நேரமும் இப்படிப்பட்ட ஒற்றைப் பாதைதான்.

ஈடுபாடா, ஒளிவிடமா?

அறைக்குள் ஒரு விஷயத்தில் மூழ்கிக் கிடப்பது குறையே அல்ல. 2024 டிசம்பரில், 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷ், பலகையின் முன் எத்தனை ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்! பொறுமை, நுணுக்கம், தோல்வியைத் தாங்கும் மனம் எல்லாம் அப்படி உட்காருவதில்தான் வளர்கின்றன.

ஆனால் வெளிமாநிலத்தில் வாழும் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து மாற்றலாகி வந்த குழந்தைக்குத் தெருவில் பேசும் ஹிந்தி பிடிபட நாளாகும். பாடப்புத்தகத்து ஹிந்தி வேறு, கல்லியில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் பேசும் ஹிந்தி வேறு. உச்சரிப்பைக் கேட்டு ஒருவன் சிரித்திருப்பான். "மதராஸி" என்று கூப்பிட்டிருப்பான். மறுநாளிலிருந்து பிள்ளை அறைக்குள் போய்விடுகிறது. நாமோ, "படிப்பில் அக்கறை வந்துவிட்டது" என்று சந்தோஷப்படுகிறோம்!

ஈடுபாட்டுக்கும் ஒளிந்துகொள்வதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஈடுபாடுள்ள குழந்தை, தான் செய்ததை யாரிடமாவது காட்டத் துடிக்கும். ஒளிந்துகொள்ளும் குழந்தை, கதவு தட்டினாலே முகம் சுளிக்கும். முதல் வகைக்கு அட்டவணை போதும். இரண்டாம் வகைக்கு முதலில் ஒரே ஒரு நண்பன் வேண்டும். பத்துப் பேர் கொண்ட கூட்டம் பிறகு வரட்டும்.

கேம்பிரிட்ஜில் ஒரு தமிழர்

வெளியூரில் வாழ்ந்த நம்மவர்களில் கணித மேதை ராமானுஜனை விடச் சிறந்த பாடம் இல்லை. 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். சில மாதங்களிலேயே முதல் உலகப் போர் தொடங்கிவிட்டது. சைவ உணவுக்காரர், தாமே சமைத்துக்கொண்டு, நேரம் காலம் பாராமல் அறையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த பி.சி. மஹலனோபிஸ் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனபோது ஒரு விஷயம் தெரியவந்தது. இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் ஓவர்கோட்டும் சால்வையும் போர்த்துக்கொண்டு தூங்குகிறார். படுக்கையிலோ கம்பளிகள் முறையாக விரித்துச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது! மஹலனோபிஸ் காட்டிக்கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

எண்களின் ரகசியங்களை அறிந்தவருக்குக் கம்பளியின் ரகசியத்தைச் சொல்ல ஒரு நண்பர் வரவேண்டியிருந்தது. புத்தகத்தில் இல்லாத இத்தகைய அறிவு, பழக்கத்தில்தான் வரும். 1917இல் அவர் நோய்வாய்ப்பட்டார். 1919இல் ஊர் திரும்பி, 1920இல் 32 வயதில் மறைந்தார். அந்த நோய் எது என்பதில் இன்றும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறைக்குள் இருந்ததே காரணம் என்று சொல்வது தவறு. ஆனால் அந்தத் தனிமை அவரை வாட்டியது என்பதில் ஐயமில்லை.

அவரை அங்கே வரவழைத்த பேராசிரியர் ஹார்டியின் தினசரி வேறு மாதிரி. காலை சுமார் 9 மணி முதல் 1 மணி வரை கணிதம். பிற்பகலில் டென்னிஸ் அல்லது கிரிக்கெட் மைதானம். ஆராய்ச்சிக்கு ஒரு நாளில் 4 மணி நேரமே உச்ச வரம்பு என்பது அவர் கொள்கை. அவரது கணிதம் இதனால் குறைந்துவிடவில்லை. ஹார்டி தம் சொந்த ஊரில் இருந்தார், ராமானுஜன் அயலூரில் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. அயலூரில் இருப்பவர் வெளியே போவதற்கு அதிக முயற்சி எடுக்கவேண்டியிருக்கிறது.

கண் சொல்லும் கணக்கு

தில்லி பள்ளிக் குழந்தைகளிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 13 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடிய குழந்தைகளிடம் அது குறைவாகக் காணப்பட்டது. அதே ஆண்டு சீனாவின் குவாங்சோ நகர ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. சில பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், அப்படி அனுப்பாத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்திருந்தது. இங்கே மருந்து, பகல் வெளிச்சம்தான். உடலுக்கோ, 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்கு மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் ஒரு வெளிவாசல்

"செஸ்ஸை மூடிவிட்டுப் போய் விளையாடு" என்று விரட்டினால் பிள்ளைக்கு இரண்டின் மேலும் வெறுப்பு வரும். அந்தப் பொழுதுபோக்கையே கையில் எடுத்துக்கொண்டு வெளியே போக வழி உண்டு.

வானவியலில் ஆசையா? ஜந்தர் மந்தருக்கு அழைத்துச் செல்லுங்கள். ராஜா ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மாபெரும் நிழல் கடிகாரத்தின் தத்துவம் வெயிலில் நின்றால்தான் விளங்கும்.

ரயில் மாடல் செய்பவனா? சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 முதல் இருக்கிறது. 1907இல் ஓடத் தொடங்கிய பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலை அங்கே பார்க்கலாம்.

தபால்தலை சேர்ப்பவருக்கு டாக் பவனில் அருங்காட்சியகம் உண்டு. அதைவிட முக்கியம், இரட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ள ஒரு பஞ்சாபி நண்பன். கம்ப்யூட்டரே கதி என்று இருப்பவருக்குப் பறவைக் கணக்கெடுப்பு நல்லது: ஒவ்வொரு பிப்ரவரியிலும் உலகெங்கும் நான்கு நாள் நடக்கிறது, 15 நிமிடம் பூங்காவில் எண்ணி, வீட்டுக்கு வந்து கணினியில் பதிவு செய்யலாம்.

ஹாம் ரேடியோவின் பெருமை தனி. 2004 டிசம்பரில் ஹாம் ரேடியோ அன்பர்கள் குழு ஒன்று பொழுதுபோக்குக்காகவே அந்தமான் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்து டெலிபோன் தொடர்புகள் அறுந்தபோது, அந்தக் கருவிகள் மூலமே பல குடும்பங்களுக்குச் சேதி போயிற்று.

அட்டவணை போடும் முறை

1. வெளியே போகும் நேரத்தை முதலில் குறியுங்கள். "வேலை முடிந்தால் போகலாம்" என்று விட்டால் அந்த வண்டி ஒருநாளும் கிளம்பாது.

2. பொழுதுபோக்கு நேரத்தையும் அதே கண்டிப்புடன் காப்பாற்றுங்கள். டோக்கன் பிள்ளையின் கையில் இருக்கும்போது "கடைக்குப் போ" என்று எழுப்பாதீர்கள். நாம் அவர்கள் நேரத்தை மதித்தால் அவர்களும் நம் அட்டவணையை மதிப்பார்கள்.

3. ஐந்து நிமிடம் முன்னதாக எச்சரிக்கை கொடுங்கள். சிவப்பு சிக்னலுக்கு முன் மஞ்சள் வேண்டும்.

4. பருவத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள். மே, ஜூனில் காலை 6 மணி அல்லது சூரியன் இறங்கிய பிறகு; ஜனவரியில் நடுப்பகல். நவம்பரில் புகைமூட்டம் கடுமையான நாட்களில் காற்றின் தரக்குறியீட்டைப் பார்த்து, மைதானத்துக்குப் பதில் நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள். மைதானம் இல்லாவிட்டாலும் பழக்கம் விட்டுப்போகாது.

5. வாரம் ஒருமுறையாவது தமிழ் பேசாத ஒரு வீட்டுப் பிள்ளை நம் வீட்டுக்கு வரட்டும். நம் வீட்டு அடை அவியலுக்கு அந்தச் சக்தி உண்டு!

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். மாலை முழுவதும் குறுக்கெழுத்துப் போட்டியிலும் டெலிவிஷனிலும் மூழ்கும் அப்பா, மகனைப் பூங்காவுக்குப் போகச் சொன்னால் எடுபடாது. கூடவே நடந்து போகவேண்டும்.

சங்க அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் விழாக்களில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் மேடை இருக்கிறது. தபால்தலை ஆல்பம் வைத்திருக்கும் குழந்தைக்கு மேடை இல்லை. அடுத்த பொங்கல் விழாவில் வாசலில் நாலு மேஜை போட்டு, "உன் பொழுதுபோக்கைக் கொண்டு வா" என்று அறிவியுங்கள். அக்கம்பக்கத்து வடஇந்தியக் குழந்தைகளையும் கூப்பிடுங்கள். அறைக்குள் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலராவது அன்று வெளியே வருவார்கள்.