சொட்டுவான் அடைப்பு நீங்க எந்த அமிலம்?

கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கடலோரத்திலும், செய்யூர் பகுதியிலும் சொட்டு நீர்ப் பாசனத்தில் தர்ப்பூசணி, காய்கறி பயிரிடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. காய் திரளும் தருணத்தில் வரிசையில் சில செடிகள் மட்டும் வாடினால், நோய் என்று மருந்து தெளிக்குமுன் சொட்டுவானைப் பாருங்கள். வாயில் வெள்ளைப் படிவு இருந்தால், குறை நீரில் உள்ளது.

படிவு ஏன் வருகிறது?

மண்ணில் உள்ள கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. இது மிகவும் மெலிந்த அமிலம். ஆயினும் கிளிஞ்சல் கலந்த மண்ணில் உள்ள சுண்ணாம்பை இது சிறிது சிறிதாகக் கரைத்துக் கிணற்று நீரில் சேர்க்கிறது. வெயிலில் குழாய் சூடேறியதும் வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் படிகிறது.

வீரியம் வேறு, செறிவு வேறு

நீரில் எவ்வளவு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது என்பதே அமிலத்தின் வீரியம். ஒரே செறிவில் (0.1 மோலார்) ஒப்பிட்டால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 100 மூலக்கூறும் அயனியை விடுகின்றன, பாஸ்பாரிக் அமிலத்தில் சுமார் 23, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் ஒன்றுதான். கிளிஞ்சல் பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கும். அசிட்டிக் அமிலம் தன்னைவிட மெலிந்த கார்பானிக் அமிலத்தை வெளியேற்றுவதே அந்த நுரை.

எதைப் பயன்படுத்தலாம்?

வினிகர் கட்டுப்படியாகாது. கந்தக அமிலம் வீரியம் மிக்கது; ஆனால் சுண்ணாம்பு மிகுந்த நீரில் ஜிப்சமாகப் படியக்கூடும். பாஸ்பாரிக் அமிலமும் அளவு குறைந்தால் கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். எனவே 33–35 சத ஹைட்ரோகுளோரிக் அமிலமே ஏற்றது.

அளவு காணும் முறை

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் கிணற்று நீர் எடுத்து, அமிலத்தை 1 மில்லி வீதம் சேர்த்துக் கலக்கி, பி.எச். தாளால் சோதிக்கவும். பி.எச். 4 வரும்போது 5 மில்லி செலவாகியிருந்தால், 1,000 லிட்டருக்கு 500 மில்லி போதும். இதே நீருக்கு 5 சத வினிகர் என்றால் சுமார் 40 லிட்டர் வேண்டும்!

இந்த அளவு அமிலத்தை நீரில் கலந்து வென்சுரி மூலம் செலுத்தவும். கடைசிச் சொட்டுவானில் பி.எச். 4 ஆனதும் மோட்டாரை நிறுத்தவும். 24 மணி நேரம் கழித்து முனை மூடிகளைத் திறந்து, கலங்கல் நீங்கும்வரை நீர் விடவும். நடவுக்கு முன் செய்வதே நன்று. முற்றிலும் அடைத்த சொட்டுவானுக்குள் அமிலம் நுழையாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

எச்சரிக்கை

• நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.

• ரப்பர் கையுறை, கண்ணாடி அவசியம். மேலே பட்டால் 15 நிமிடம் நீரால் கழுவி, மருத்துவரை அணுகவும்.

• பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கவே கூடாது. உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு வெளிவரும்.

ஐயம் உள்ளோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.