பள்ளிச் சிறாரும் ஒற்றைத் தலைவலியும்

தலையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாயும் பிள்ளையை, பாடத்துக்கு அஞ்சி நடிப்பதாக ஊரார் கூறக் கேட்கிறோம். ஒற்றைத் தலைவலி என்னும் பெயரே நம்மை மயக்குகிறது. சிறுவர்க்குப் பெரும்பாலும் நெற்றியின் இரு புறமும் வலிக்கும். குமட்டும், வெளிச்சமும் இரைச்சலும் பொறுக்கா. சில மணி நேரத்தில் தெளிந்து விளையாடப் போய்விடுவதாலேயே ஐயம் வலுக்கிறது. நோயின் இயல்பே அதுதான்.

பசி, நீர் குடியாமை, உறக்கக் குறைவு, கடும் வெயில் ஆகியவை இதனைத் தூண்டும். 1 முதல் 5 வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கென 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இவ்வகையிலும் உதவுவதே. மேல் வகுப்புப் பிள்ளையை வெறும் வயிற்றோடு பேருந்தேற்றுதல் தகாது.

வலி கண்டதும் தண்ணீர் கொடுத்து, இருண்ட, அமைதியான இடத்தில் படுக்க வைக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அப்பொழுதே தருதல் நலம். மாலை மணி வரை காத்திருந்தால் பலன் குறையும். ஆகவே மருத்துவர் சீட்டின் படியொன்றைப் பெற்றோர் தலைமையாசிரியரிடம் கொடுத்துவைப்பார்களாக. சிறுவர்க்கு ஆஸ்பிரின் ஆகாது.

ஒரு பாய், சன்னலுக்கு ஒரு திரை, குடிநீர்க் குழாய்: பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் ஊராட்சி உறுப்பினர் கேட்டுப் பெறத்தக்கவை இவை.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், தலையில் அடிபட்டபின் வலித்தாலும், வலிப்பு வந்தாலும் தாமதியாது 108-ஐ அழைக்க வேண்டும்.