பீரோவும் கொடியும்: தனக்கென ஓர் உடைப்பாங்கைக் கண்டறியும் முறை

உடைப்பாங்கு என்பது ஒருவர் உடுத்துவனவற்றில் துணி, நிறம், அளவு, உடுத்தும் விதம் ஆகிய நான்கும் அவருக்கே உரிய ஓர் ஒழுங்கில் மீண்டும் மீண்டும் கூடிவரும் தன்மையைக் குறிக்கும். மன்னார் வளைகுடாக் கரையில், தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்த பெரியதாழை போன்ற மீனவர் ஊரில் இந்த ஒழுங்கைக் காண்பது சற்றுக் கடினம். கடலுக்குச் சாரம் (பிற வட்டாரங்களில் கைலி, லுங்கி என வழங்கப்படுவது), ஞாயிறு திருப்பலிக்கு வெள்ளை வேட்டி சட்டை, திசையன்விளைக்கோ தூத்துக்குடிக்கோ அலுவலாகப் போகையில் பேண்ட் என ஒரே மனிதர் ஒரே வாரத்தில் மூன்று விதமாக உடுத்துகிறார். பெண்களுக்கு நைட்டியும் சேலையும் சுடிதாரும் அவ்வாறே அமைகின்றன. இம்மூன்றிலும் ஊடாடும் பொது இழையைக் கண்டு, அதைத் தெரிந்தே பற்றிக்கொள்ளும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

முதற்படியாக, இருக்கும் துணி அனைத்தையும் பீரோவிலிருந்து எடுத்துப் பாயில் பரப்ப வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் வீட்டுக் கொடியைக் கவனித்து, அதில் காய்பவை எவை எனக் குறித்துக்கொள்வது அவசியம். ஒருவர் எப்படித் தோன்ற விரும்பினார் என்பதைப் பீரோ காட்டும், எதை உடுத்தி வாழ்கிறார் என்பதைக் கொடி காட்டும்; இரண்டும் முரண்பட்டால் கொடியையே நம்ப வேண்டும்.

பெரும்பாலோர் இடறுவது அடுத்த படியில்தான். தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் பீரோவில் உள்ள துணிகளில் கணிசமானவை அவர் தெரிவு செய்தவை அல்ல. கிறிஸ்துமஸுக்குப் பெற்றோர் எடுத்துக்கொடுத்தது, தாய்மாமன் சீராக வந்தது, புதுநன்மை (முதல் நற்கருணை) விழாவிலும் திருமணத்திலும் வைத்துக்கொடுத்தது, உறவுப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று மொத்தமாக எடுத்தது என அவை சேர்ந்துகொண்டே போகும். இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, 'எனக்கு ஊதா நிறம்தான் ஏற்றது போலும்' என முடிவுக்கு வருபவர், உண்மையில் தம் அத்தையின் விருப்பத்தையே அளந்திருப்பார். ஆகவே பரப்பிய துணிகளை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும்: பிறர் எடுத்துக்கொடுத்து விரும்பி உடுத்துபவை, பிறர் எடுத்துக்கொடுத்து உடுத்தாதவை, தானே எடுத்தவை.

முதற்குவியலே மிகுந்த பயன் தருவது. நெருங்கிய ஒருவர் வெளியிலிருந்து பார்த்து அறிந்ததைத் தன் உடலும் ஒப்புக்கொண்டதற்கு அதுவே சான்று. உடுத்தாத குவியலில் ஒவ்வொரு துணிக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும், ஆனால் 'பிடிக்கவில்லை' என்பதைக் காரணமாக ஏற்கவே கூடாது. ஜரிகை கழுத்தில் குத்துகிறது, கச்சான் அடிக்கும் மாதங்களில் முந்தானை தோளில் நிற்பதில்லை (கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று), அக்குளில் வியர்வை தெரிகிறது என்பன போன்று கையால் சுட்டிக்காட்டக்கூடிய குறையை எழுத வேண்டும். அக்குறைகளைத் திருப்பிப் போட்டால் அவையே ஒருவரின் விதிகளாகிவிடும்: கரையில் கனமான ஜரிகை வேண்டாம், முந்தானைக்குக் கொஞ்சம் எடை வேண்டும், வெளிர் சாம்பல் வேண்டாம். தானே எடுத்த குவியலில் கொடிக்கு வராத துணி இருந்தால், அது கடைக் கண்ணாடியின் வெளிச்சத்தில் செய்த தெரிவு என்று கொள்ளலாம்.

கொடுத்தவர் மனம் நோகுமே என்ற தயக்கத்தால் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றனர். அத்துணியைக் கொடுத்தவர் இருக்கும் நிகழ்வொன்றில் ஒருமுறை உடுத்திவிட்டு, பிறகு அதை விரும்பும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதே முறை. மரியாதை அந்த ஒரு நாளிலேயே நிறைவேறிவிடுகிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்பே, நவம்பரில், தனக்கு வேண்டிய துணியையும் நிறத்தையும் வீட்டாரிடம் சொல்லிவிடுவது இதைவிடச் சிறந்தது. மொத்தமாக எடுக்கும் ஒரே நிறச் சேலை ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டியதில்லை.

மூன்றாம் படி, கண்டதை ஒரே வாக்கியமாக எழுதுவது. மாறாத அடையாளம் ஒன்றோ இரண்டோ போதும் என்பதற்கு தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியாரே சான்று. காசியில் வாழ்ந்தபோது பழகிக்கொண்ட தலைப்பாகையும், அதனுடன் சேர்ந்த கோட்டும் அவரை எங்கும் அடையாளம் காட்டின. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறியபோது, முழுக் கதர் உடை வாங்க ஏழைகளால் இயலாது என்ற தெளிவான காரணம் அதன் பின்னே இருந்தது. எழுதும் வாக்கியத்திலும் அவ்வாறே அடையாளமும் காரணமும் சேர்ந்து இருக்க வேண்டும்: 'கட்டம் போட்ட பருத்தியும் அடர்நீலமும், ஏனெனில் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு மாற்றாமல் போகலாம்.' இரண்டு அடிநிறங்களும் ஒரு துணைநிறமும் போதுமானவை. நிறத்தைத் துணிக்கடையின் டியூப் லைட்டில் தெரிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டும்.

துணியைத் தெரிவு செய்வதில் கடற்கரைக்கெனத் தனி நியாயம் உண்டு. இயல்பான சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கும், பாலியஸ்டரோ அரை விழுக்காடுகூட வாங்காது. எனவே பாலியஸ்டர் உடுத்தியவரின் வியர்வை உடலிலேயே தங்கிவிடுகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால், கடற்காற்றில் உப்புப் படிந்த துணி மாலையில் பிசுபிசுக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் எளிதாக அலசி முடிக்கக்கூடிய மெல்லிய துணியே அன்றாடத்துக்கு ஏற்றது. வேட்டி வாங்கும்போது கவுண்ட் கேட்க வேண்டும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண், எண் கூடினால் நூல் மெல்லியது. தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் வழியே நடப்பவர் வெள்ளைக்குப் பதில் பழுப்பு வெள்ளையை எடுப்பது நல்லது. சாயம் போகுமா என்பதை, நனைத்த வெள்ளைத் துணியால் உட்புறத்தில் தேய்த்துப் பார்த்தாலே அறியலாம்.

இறுதியாகத் தையல். அளவுச் சட்டை என ஒரு பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு வருவதே இங்குள்ள பெரும் பிழை, ஏனெனில் அதன் குறைகளும் அளவோடு சேர்ந்து புதிய சட்டையில் வந்துவிடும். கொடுக்குமுன் அதை அணிந்து, தோள்தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா, கையை உயர்த்தினால் அக்குள் இழுக்கிறதா எனப் பார்த்து, திருத்த வேண்டியதைத் தையற்காரரிடம் விரல்கடையிலோ அங்குலத்திலோ சொல்ல வேண்டும். 'கொஞ்சம் லூஸாக' என்பது அளவே அன்று. பருத்தித் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும், உள்தையலில் ஓர் அங்குலம் விடச் சொல்ல வேண்டும். ஜாக்கெட்டுக்கு இரும்புக் கொக்கி கூடவே கூடாது; உப்புக் காற்றில் துருப்பிடித்து, அந்தக் கறை துணியில் நிலைத்துவிடும். பித்தளைக் கொக்கியோ பட்டனோ கேட்டு வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு தைக்கக் கொடுக்காமல் ஒன்றை மட்டும் தைத்து, மூன்று நான்கு முறை துவைத்து, ஒரு மாதம் உடுத்திப் பார்த்த பிறகே எஞ்சிய துணியை வெட்டச் சொல்ல வேண்டும்.