பரி வளர்ப்பும் பயில்முறையும்

வண்ணார்பேட்டையைத் தழுவிச் செல்லும் தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில், 13ஆம் நூற்றாண்டில் காயல் துறைமுகம் சிறந்தோங்கியிருந்தது. அரபு, பாரசீகக் குதிரைகள் அங்கே மரக்கலங்களில் வந்திறங்கின. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் பாண்டிய நாட்டுத் துறைகளுக்கு வந்தன என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார்.

இவ்வளவு பொன் ஈந்து பெற்ற பரிகள் நிலைத்தனவா? அக்காலத்தே இங்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் வாங்கும் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதியில் நூறும் எஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரியாமையும், இலாடம் அடித்து நோய் தீர்ப்போர் இல்லாமையும் அவர் கூறும் காரணங்கள். விற்பனை குன்றாதிருக்க, அத்தொழில் வல்லாரை இங்கு வரவிடாது குதிரை வணிகர் தடுத்தனர் என்றும் உரைக்கிறார். குதிரைக் குட்டிக்கு 'மறி' என்னும் மரபுப்பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. பெயர் நம்மிடம் இருந்தது. தொழிலறிவோ கடல் கடந்து வரவில்லை. பொருளை வாங்கலாம், கைத்திறனைப் பயின்றே பெறவேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் அறியும் பாடம்.

இன்று இத்தொழிலை நாடும் இளைஞர் முதலில் பண்ணையொன்றில் தேர்ந்தாரிடம் பழகுநராய் அமர்தல் வேண்டும். இலாயம் கூட்டல், தீனி அளத்தல், குளம்பு துடைத்தல் ஆகியவையே தொடக்கப் பாடங்கள். பெட்டைக் குதிரையின் சூற்காலம் ஏறத்தாழ 11 மாதம். பெரும்பாலும் இரவில்தான் ஈனும். ஈற்றுக்குச் சற்று முன்னர் மடிக்காம்பில் மெழுகுபோற் பால் திரளக் காணலாம். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்பதும், இரண்டு மணிக்குள் சீம்பால் அருந்துவதும் நலத்தின் அறிகுறிகள். மூன்று மணி நேரத்திற்குள் நஞ்சுக்கொடி விழாவிடில் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். இவற்றை நூலில் படிக்கலாம். ஆயின் இருளில் விளக்கேந்தி விழித்திருந்தவனுக்கே உரிய நேரத்தில் அவை நினைவுக்கு வரும்.

ஹிசாரில் 1985இல் தோன்றிய தேசியக் குதிரையின ஆய்வு மையம், புனே வட்டாரப் பந்தயக் குதிரைப் பண்ணைகள், இராணுவத்தின் குதிரை வளர்ப்பு நிலையங்கள் என இத்துறை இன்று நம் நாட்டிலேயே வேரூன்றியுள்ளது. கடன்பெற்றுக் குதிரை வாங்குமுன், ஓர் ஈற்றுப்பருவம் முழுதும் பிறர் இலாயத்தில் உழைத்துக் கற்பீராக என மாணவர்க்கு உரைக்கிறோம். பெற்றோரும் அவ்வுழைப்பை இழிவென எண்ணாது ஊக்குவித்தல் வேண்டும்.